துணி எடுத்துத் தைத்த கணினிகள்

மேசைக்கணினி வாங்க நினைத்த தமிழ்நாட்டுக் குடும்பம் எதுவும் 1990களின் தொடக்கம் முதல் இன்றுவரை முதலில் விடை காண வேண்டியிருந்த கேள்வி, ‘பிராண்டடா, அசெம்பிள்டா’ என்பது. நிறுவனம் ஒன்று தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து, தன் பெயர் பொறித்து, பெட்டியில் அடைத்து விற்கும் கணினி பிராண்டட். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், ஹார்டு டிஸ்க், கேபினெட் என்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்த கணினி அசெம்பிள்டு. அமெரிக்காவில் இதே கேள்வி ‘வாங்குவதா, சொந்தக் கையால் செய்துகொள்வதா’ என்ற வடிவில் எழுந்தது. தமிழ்நாட்டிலோ அசெம்பிள்டு கணினி வைத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்புளியைக் கையில் எடுத்தவர்கள் அல்லர். உறுப்புகளைத் தேர்ந்து, கோத்து, வீட்டுக்கே கொண்டுவந்து இயக்கிக் காட்டி, பழுதானால் மறுபடியும் வாசலில் வந்து நின்ற ஒருவர் நடுவில் இருந்தார். ஆயத்த ஆடை பெருகுவதற்கு முன் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்து அளவுக்குத் தைத்துக்கொண்ட வழக்கத்துக்கும், குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரியிடம் பொன்னைக் கொடுத்து நகை செய்வித்த வழக்கத்துக்கும் நெருங்கிய உறவினது இந்த ஏற்பாடு. இதன் வரலாற்றை விலைகளின் வரலாறாக மட்டும் எழுதினால் அந்த நடு ஆள் விடுபட்டுப்போவார். அவர் எப்படித் தோன்றினார் என்பதை அறியக் கடல்கடந்த கதை சிறிதும், இந்திய அரசின் வரிக்கொள்கை சிறிதும், சென்னையின் ஒரு தெருவைப் பற்றிச் சற்று விரிவாகவும் பேச வேண்டியிருக்கிறது.

தனிமனிதர் விலைகொடுத்து வாங்கக்கூடிய கணினி பிறந்ததே பிரித்த உறுப்புகளின் மூட்டையாகத்தான். 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கருவியை, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க் நகரிலிருந்த மிட்ஸ் நிறுவனம் 397 டாலருக்கு உறுப்புத் தொகுதியாக விற்றது. வாங்கியவர் ஒவ்வோர் உறுப்பையும் ஈயம் உருக்கிப் பலகையில் பற்றவைத்து முடித்தாலும் கையில் கிடைத்தது 256 பைட் நினைவகமும், முகப்பில் வரிசையாகப் பொத்தான்களும் விளக்குகளும் கொண்ட ஒரு பெட்டியே. விசைப்பலகையும் திரையும் கிடையாது. அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் ஆப்பிள் கணினியின் கதையில் இந்தக் கேள்வி முதன்முறையாக ஒரு வணிகரின் வாயிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவில் ‘பைட் ஷாப்’ என்ற கடையை நடத்திய பால் டெரெல், உறுப்புத் தொகுதி வேண்டாம், பற்றவைத்து முடித்த பலகைகளாக 50 கொடுங்கள் என்று கேட்டார். ஈயம் உருக்கத் தெரிந்தவர்களை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். ஆயினும் 666.66 டாலருக்கு விற்ற அந்தப் பலகைக்கு மின்வழங்கியும் விசைப்பலகையும் பெட்டியும் வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 1977இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் முழுமையான இயந்திரங்களாக வந்தபின், கணினியை வீட்டில் செய்வது பொழுதுபோக்காளர்களின் வேலையாகச் சுருங்கியது.

சுருங்கிய அந்த வழியை அகலத் திறந்தது, அன்று உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனமாக இருந்த ஐபிஎம் என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1981 ஆகஸ்ட் 12 அன்று அது வெளியிட்ட பி.சி. என்னும் தனிக்கணினி ஓராண்டு அளவிலேயே உருவாக்கி முடிக்கப்பட்டது; அந்த அவசரத்தால் செயலியை இன்டெலிடமிருந்தும், இயக்க முறைமையை மைக்ரோசாஃப்டிடமிருந்தும், பிற உறுப்புகளை வெளிச்சந்தையிலிருந்தும் ஐபிஎம் பெற்றது. விரிவாக்க அட்டைகளைப் பிறர் செய்யட்டும் என்று மின்சுற்று வரைபடங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது. அதன் கையில் தனக்கே உரியதாக எஞ்சியது பயாஸ் ஒன்றுதான். கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் உறுப்புகளை எழுப்பிச் சரிபார்த்து, இயக்க முறைமையிடம் பொறுப்பை ஒப்படைக்கும் சிறு நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். அதை அப்படியே படியெடுப்பது பதிப்புரிமைக் குற்றம். ஹூஸ்டன் நகரில் 1982இல் தொடங்கிய காம்பாக் நிறுவனம் இதற்கு நேர்மையான வழி ஒன்றைக் கைக்கொண்டது. ஒரு குழு ஐபிஎம்மின் நிரலை ஆராய்ந்து அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தர, மூல நிரலைக் கண்ணாலும் பாராத வேறொரு குழு அதே வேலைகளைச் செய்யும் புது நிரலை எழுதியது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இவ்வாறு ஆக்கிய பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்கத் தொடங்கியதும் கடைசித் தடையும் நீங்கியது. தாய்வான் தொழிற்சாலைகள் தாய்ப்பலகைகளைச் செய்து குவித்தன. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசையில் காப்புரிமை பெற்ற புதிய இணைப்பு முறையைப் புகுத்திக் கதவை மறுபடி அடைக்கப் பார்த்தபோது, உலகம் பழைய திறந்த வடிவத்தோடே நின்றுவிட்டது. எந்த நிறுவனத்தின் அட்டையும் எந்த நிறுவனத்தின் பலகையிலும் பொருந்தும் என்ற நிலை இப்படித்தான் நிலைத்தது. அது இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் தெருவில் ஒரு கடைகூட இருந்திராது.

இந்தியாவில் கேள்வி வேறு வடிவில் கிடந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்குமுதல் விதிக்கு இணங்க மறுத்து ஐபிஎம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்ற அரசு நிறுவனம் சிஎம்சி. அந்த மூன்று எழுத்துகளில் நடு எழுத்து பராமரிப்பைக் குறிப்பது. வாங்குவதைவிடப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதே பெரிய காரியம் என்ற உண்மை, இந்தியக் கணினி வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு நிறுவனத்தின் பெயரில் பொறிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. அரசின் இசிஐஎல் ஒருபுறம் இருக்க, திருச்செந்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த சிவ நாடார் நண்பர்களுடன் 1976இல் தொடங்கிய எச்சிஎல், டிசிஎம் போன்றவை உள்நாட்டுக் கணினிகளைச் செய்தன. எனினும் உரிமங்களும் உயர்ந்த இறக்குமதித் தீர்வையும் சேர்ந்து, கணினியை வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பொருளாகவே வைத்திருந்தன. ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், 1984 நவம்பரில் வெளியான புதிய கணினிக் கொள்கை, உறுப்புகளின் இறக்குமதியை எளிதாக்கித் தீர்வையைக் குறைத்தது. அதன்பின் பல நிறுவனங்கள் கணினி செய்ய முன்வந்தன. சென்னையின் ஸ்டெர்லிங் நிறுவனம் ‘சிவா’ என்ற பெயரில் அன்றைய விலைகளைவிட வெகுவாகக் குறைத்துத் தனிக்கணினி விற்று நாடெங்கும் பேசப்பட்டது. இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று பெயர்ப்பலகையோடு விற்ற இந்தியக் கணினிகளின் முக்கிய உறுப்புகளும் கிழக்காசியாவிலிருந்து வந்தவையே. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை பிராண்டடும் அசெம்பிள்டும் ஒரே கப்பலில் வந்த சரக்கு. வேறுபாடு, யார் கோத்தார், யார் பொறுப்பேற்றார் என்பதில்தான் இருந்தது.

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகத் திரும்பினால் வரும் ரிச்சி தெருவும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் கணினிக்கு முன்பே மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றவை. வானொலிக்குரிய வால்வு, டிரான்சிஸ்டர், மின்தடை, ஒலிபெருக்கிச் சுருள் என்று கேட்டதெல்லாம் கிடைத்த இடம் அது. டிரான்சிஸ்டர் வானொலியையும், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களுக்கான ஆம்ப்ளிஃபையரையும் உறுப்பு வாங்கிக் கோத்துக் கொடுக்கும் தொழில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை முன்னரே பரவியிருந்தது. கணினி வந்தபோது அதற்கெனத் தனியாக ஒரு மரபை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. கோத்துக் கொடுப்பவர், கோக்கக் கொடுப்பவர், உறுப்பு விற்பவர் என்ற மூவரின் உறவு ஏற்கெனவே அங்கே இருந்தது. டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை ஆகியவற்றுக்கும் இதே பணி வாய்த்தது. 1991இன் பொருளாதாரத் தளர்வுக்குப் பின் ரிச்சி தெருவின் மாடிகளிலும் சந்துகளிலும் ஓர் ஆள் நின்றால் மறு ஆள் ஒதுங்க வேண்டிய அளவில் கணினி உறுப்புக் கடைகள் அடைந்தன. கடைக்காரர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்கே செல்லும்.

விலை அப்படி நாளுக்கு நாள் மாறியதற்குக் காரணங்கள் தொலைவில் இருந்தன. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில், சில்லுகளை மூடிக் காக்கும் பிசினைச் செய்த சுமிட்டோமோ நிறுவனத்தின் ஆலை வெடித்தபோது உலகெங்கும் நினைவக விலை கிடுகிடுவென ஏறியது. 1999 செப்டம்பரில் தாய்வான் நிலநடுக்கத்தின்போதும் அப்படியே. பெரிய நிறுவனங்கள் முன்னொப்பந்தங்களால் இந்த அலைகளைத் தாங்கிக்கொண்டன. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ இரவுப் பேருந்தில் வந்து, வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிய தொகைக்குள் மூன்று கணினிக்கான உறுப்புகளைத் திரட்ட வேண்டியவருக்கோ, காலையில் இருந்த விலை மாலையில் இல்லாமற்போவது தன் கூலியே கரைந்துபோவதாகும்.

அக்காலத்தில் கோத்தல் எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஒரே உறுப்பைக்கொண்டு விளக்கலாம். ஏடி என்னும் பழைய வகை மின்வழங்கியிலிருந்து, வழக்கில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் அந்தப் பெட்டியிலிருந்து, தாய்ப்பலகைக்கு ஆறாறு கம்பிகள் கொண்ட இரண்டு இணைப்பிகள் வரும். பி8, பி9 என்று பெயர்பெற்ற இவ்விரண்டும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் உட்கார்ந்துவிடும். மாற்றிச் செருகி மின்சாரத்தைக் கொடுத்தால் பலகை கருகும். கறுப்புக் கம்பிகள் இரண்டு இணைப்பிகளிலும் உட்பக்கமாக, ஒன்றையொன்று தொட்டபடி நடுவில் வர வேண்டும் என்பதே விதி. ‘கறுப்போடு கறுப்பு’ என்று வாய்பாடாக நினைவில் வைக்கத்தக்க அந்த விதியை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையே ஒரு தாய்ப்பலகையின் விலை நின்றது. செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஜம்பர் எனப்படும் அரிசி அளவிலான இணைப்புத் துண்டுகளைப் பலகையில் இடம் மாற்றி அமைக்க வேண்டும். ஒரே பட்டைக் கம்பியில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைப் பூட்டினால் எது முதன்மை, எது துணை என்பதையும் அதே துண்டுகளால் குறிக்க வேண்டும். இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறை, இரண்டு இணைப்பிகளை ஒரே திசையில் மட்டும் நுழையும் ஒன்றாக்கியது. பலகையின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், பின்பக்கச் செருகுவாய்களின் வரிசை ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்தியது. பின்னர் விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை என்று செருகுவாய்களுக்கு நிறமும் வந்தது. கைப்பக்குவத்தின் ஒரு பகுதி இவ்வாறு உறுப்பின் வடிவத்துக்குள்ளேயே குடிபுகுந்ததால், இத்தொழிலுக்குள் வரும் வாசல் அகன்றது. ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த இளைஞர்கள் ஓர் அறையும் ஒரு மேசையும் இருந்தால் சொந்தமாகக் கணினித் தொழில் தொடங்க முடிந்தது.

விலைக் குறைவின் காரணங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அவை எல்லாம் பெருமைப்படத்தக்கவை அல்ல. விளம்பரச் செலவும் காட்சிக்கூட வாடகையும் இல்லாதது ஒரு காரணம். ‘பில் வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்வியில் அடங்கிய விற்பனைவரி இன்னொரு காரணம். மூன்றாவது, உரிமக் கட்டணம் செலுத்தாமல் படியெடுத்து நிறுவப்பட்ட விண்டோஸ். தொழிற்சாலைக் கணினியின் விலையில் இச்செலவுகள் அனைத்தும் சேர்ந்திருக்க, கோத்த கணினியின் விலையில் இல்லாமலிருந்ததால், ஒப்பீடு பலமுறை சமமானதாக இருக்கவில்லை. வாங்குபவரையும் ஏமாற்றும் வழிகள் இருந்தன. குறைந்த வேகச் செயலியின் மேல் அச்சிட்ட எண்ணை அழித்து உயர்ந்த வேகத்தின் எண்ணைப் பொறித்து விற்கும் மோசடி உலகெங்கும் நடந்ததால்தான், 1990களின் பிற்பகுதியில் இன்டெல் தன் செயலிகளின் வேகப் பெருக்கத்தைத் தொழிற்சாலையிலேயே பூட்டத் தொடங்கியது. கோப்பவர்களைப் பதிவுசெய்து ‘ஜென்யூன் இன்டெல் டீலர்’ என்ற அடையாளத்தையும் இந்தியாவில் வழங்கியது. பெயரில்லாத கணினிக்கு உள்ளிருக்கும் உறுப்பின் பெயரே அடையாளமாயிற்று.

இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அசெம்பிள்டு கணினியை விடாது பற்றியிருந்ததற்குக் குறைந்த விலையை மட்டும் காரணம் காட்டுவது போதாது. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி பெயர்பெற்ற நிறுவனங்களிடமே வாங்கின. அங்கே பழுது என்றால் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகூர்த்த நாள் நெருங்கும் வேளையில் எழுத்துக் கோக்கும் டிடிபி மையமும், தட்டச்சுப் பயிலகமாக இருந்து கணினிப் பயிற்சிக்கு மாறிய நிலையமும், மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய பிரவுசிங் சென்டரும் அப்படிக் காத்திருக்க முடியாது. மின்னழுத்தம் ஏறி இறங்கியும், மழைக்கால மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திடீரென வந்தும் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோகும் ஊர்களில், அதைக் கழற்றி, தன் கடையில் இருக்கும் வேறொன்றைத் தற்காலிகமாக மாட்டி, மாலைக்குள் வேலையைத் தொடரச் செய்பவர் அடுத்த தெருவில் இருந்தார். அவருக்கு அந்தக் கணினியின் உள்ளிருக்கும் ஒவ்வொரு திருகும் தெரியும், அவர் பூட்டியதுதான். தொழிற்சாலைக் கணினியின் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்று ஒட்டுத்தாள் எச்சரித்த காலத்தில், திறப்பதையே பராமரிப்பாகக் கொண்ட ஓர் உறவு இது. இரண்டு ஆண்டு கழித்து நினைவகத்தைக் கூட்டுவதும், நான்கு ஆண்டு கழித்துத் தாய்ப்பலகையை மட்டும் மாற்றிப் பழைய கேபினெட்டையும் திரையையும் தொடர்வதும் அந்த உறவின் பகுதிகள். ஒரே கணினி பத்தாண்டு இருந்தது என்று சொல்லும் வீடுகளில், உள்ளே எஞ்சியிருப்பது பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமாக இருக்கும்.

இவ்வேற்பாட்டைத் தளர்த்தியது ஒரு பன்னாட்டு உடன்படிக்கை. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவாகி, இந்தியா 1997இல் கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி, கணினிக்கும் உறுப்புகளுக்கும் இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறைந்து 2005இல் முற்றிலும் நீங்கியது. முழுக் கணினியின் விலை இறங்க இறங்க, கோப்பவரின் கூலிக்கு இருந்த இடைவெளி மெலிந்தது. மடிக்கணினி மலிவானபோது கேள்வியே மறையத் தொடங்கியது. மடிக்கணினியை யாரும் கோத்துத் தருவதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மேல்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், ‘பையனுக்கு ஒரு சிஸ்டம்’ என்று கோப்பவரைத் தேடிவந்த குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தத் தேவை எழவில்லை. இது நல்ல திட்டம். எனினும் சிற்றூர்க் கணினித் தொழிலாளியின் வரலாற்றில் அது ஒரு திருப்பம் என்பதும் பதிவாக வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் தாய்லாந்து வெள்ளம் ஹார்டு டிஸ்க் ஆலைகளை மூழ்கடிக்க, அவற்றின் விலை சில வாரங்களில் ஏறத்தாழ இரு மடங்கானது. ரிச்சி தெருவின் கடைகள் பலவும் கைப்பேசி உறுப்புகளுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் மாறின.

கோத்தல் அழியவில்லை, வேறு கைகளுக்குப் போயிற்று. விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை ஆகியவற்றுக்கு ஆற்றல்மிக்க கணினி வேண்டுவோர் இன்று எந்தச் செயலிக்கு எந்தப் பலகை பொருந்தும் என்பதைத் தாமே கற்று, எழுதிய பட்டியலோடு கடைக்கு வருகின்றனர். கடைக்காரர் அதைக் கோத்துக் கொடுத்துத் தனிக் கூலி பெறுகிறார். ஒருகாலத்தில் கோப்பவரிடம் முழுவதுமாக இருந்த தேர்வு, வாங்குபவரிடம் வந்துவிட்டது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி கணினிக்கும் உறுப்புக்கும் 18 விழுக்காடு வரியை வகுத்து, கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியையும் தொழில்முனைவோருக்கு அளித்ததால், பில் இல்லாத வணிகத்தின் கவர்ச்சி குன்றியது. மின்னணு நாணயம் ஈட்டுவோர் வரைகலை அட்டைகளை அள்ளிச் சென்ற 2017-18லும், 2020 முதல் 2022 வரையிலும், அட்டையைத் தனியே வாங்குவதைவிட அது உள்ளே பொருத்தப்பட்ட முழுக் கணினியை வாங்குவதே மலிவு என்ற தலைகீழ் நிலையும் வந்துபோயிற்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் வரைகலை அட்டை வேண்டாத முறைக்கு மாறிக்கொண்டபின் கணக்கு மீண்டும் பழைய பக்கம் சாய்ந்தது.

தொழிற்சாலைக் கணினிக்கு உத்தரவாதம் ஒன்று. கோத்த கணினிக்கு உறுப்புக்கு ஒன்று. பெட்டியோடு விற்கும் செயலிக்கு மூன்று ஆண்டு, பிறவற்றுக்கு வேறு வேறு காலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் முடிவதால், வெற்று அட்டைப்பெட்டிகளையும் பில்களையும் பரணில் பாதுகாக்கும் பழக்கம் இவ்வீடுகளுக்கு உரியது. அந்தப் பரண்களில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கேபினெட்டுகளைத் துடைத்துப் பார்த்தால், பக்கத்தகட்டின் மூலையில் கோத்தவரின் ஸ்டிக்கர் மங்கிய நிலையில் இன்றும் ஒட்டியிருப்பதைக் காணலாம்: கடைப் பெயர், கோத்த தேதி, சென்னையின் எண்கள் எட்டு இலக்கமாவதற்கு முந்தைய ஏழு இலக்கத் தொலைபேசி எண்.